புதுப் போறணை

கப்பலில் நான் குழைத்த முதல் மா சாம்பல் நிறத்தில் வந்தது. அது சாப்பிடுவதற்காகக் குழைத்ததல்ல. ஈஸ்ட்டும் போடாமல் உப்பும் போடாமல், வெறும் மாவையும் தண்ணீரையும் புது மிக்சருக்குள் கொட்டி அரை மணி நேரம் சுழலவிட்டோம். இரும்புத் தூள், தொழிற்சாலை எண்ணெய், மெருகு போட்டபோது தங்கிய துகள் என்று மிக்சரின் வயிற்றில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருந்த எல்லாவற்றையும் அந்த மா இழுத்துக்கொண்டது. துணி போகாத இடுக்குக்குள் மா போகும். வெளியே எடுத்தபோது அது மழைநாளில் ஏ9 வீதியோரம் தேங்கும் தண்ணீரின் நிறத்தில் இருந்தது. குப்பைப் பையில் போட்டுவிட்டு இரண்டாவது மாவைக் குழைத்தோம். கொஞ்சம் வெளுத்தது. மூன்றாவதுதான் மா நிறத்தில் வந்தது.

இன்றைக்கும் அலவத்துகொடச் சந்தியில் யாராவது என்னைப் பிடித்துக் கேட்பார்கள்: “புத்தம் புதுக் கப்பல்ல மொத ஆளா ஏறினியாமே, எப்பிடி இருந்திச்சி?” அவர்கள் எதிர்பார்ப்பது சரவிளக்கு, கம்பளம், கண்ணாடி லிஃப்ட். நான் சாம்பல் நிற மாவில் தொடங்கினால் தேநீரை முடித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். அதனால்தான் எழுதுகிறேன். வாசிப்பவர் பாதியில் எழுந்து போனால் எனக்குத் தெரியப்போவதில்லை.

கப்பலின் பெயரை எழுதமாட்டேன், கம்பனியின் பெயரையும் எழுதமாட்டேன். நடந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது. அந்தக் கப்பல் இன்னும் ஓடுகிறது, என்னோடு வேலை செய்த சிலர் இன்னும் அதில் இருக்கிறார்கள். கப்பல் பிறந்த இடத்தைச் சொல்வதில் குற்றமில்லை. ஜெர்மனியின் வடமேற்கு மூலையில், ஏம்ஸ் ஆற்றங்கரையில் உள்ள பாப்பன்பர்க் என்ற சிறு நகரம்.

ஆனால் என் கதை பாப்பன்பர்க்கில் தொடங்கவில்லை. கண்டியிலிருந்து மாத்தளை போகிற ஏ9 வீதியில் கட்டுகஸ்தோட்டையையும் அக்குறணையையும் தாண்டினால் அலவத்துகொட வரும். அதற்கப்பால் பலகடுவ ஏற்றம், ஏறி இறங்கினால் மாத்தளை. எங்கள் லயத்திலிருந்து சந்திக்கு நடந்தே வந்துவிடலாம். ஓ.எல். எழுதிவிட்டுச் சும்மா சுற்றிக்கொண்டிருந்த என்னை அப்பா ஒரு நாள் இரவு பத்து மணிக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு பேக்கரியின் பின்கதவில் நிறுத்தினார். பேக்கரிக்காரர்களுக்குப் பகல் இரவில்தான் விடிகிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பத்து மணிக்கு மா குழைத்தால்தான் விடியற்காலை நாலு மணிக்குப் பாண் வெளியே வரும். முதல் பஸ்ஸுக்குப் போகிறவன் கையில் சூட்டோடு ஒரு ராத்தல் இருக்க வேண்டும்.

போறணையின் பொறுப்பில் இருந்தவரை எல்லோரும் நானா என்று கூப்பிட்டார்கள். முதலாளி உட்பட. பெயர் சொல்லி யாரும் அழைத்து நான் கேட்டதில்லை. நான் சேர்ந்த வருடமே பழைய போறணையின் வளைவு இடிந்து விழுந்தது. மேசன் பாஸ் ஒருவர் வந்து செங்கல்லும் களிமண்ணும் வைத்துப் புதிதாகக் கட்டினார். தரைக்கடியில் சூடு தங்குவதற்கென்று கல்லுப்பும் உடைந்த கண்ணாடியும் கொட்டினார்கள். கட்டி முடிந்த மறுநாளே பாண் சுட்டுவிடலாம் என்று முதலாளி நின்றார். விற்பனை போகிறதே என்ற கவலை அவருக்கு. நானா அசையவில்லை.

முதல் நாள் ஒரு கைப்பிடிச் சிரட்டை மட்டும் எரித்தார். மறுநாள் இரண்டு விறகு. அதற்கு மறுநாள் நாலு. செங்கல்லுக்குள்ளே ஈரம் இருக்கிறது, அவசரமாகச் சூடேற்றினால் அந்த ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் கல்லைப் பிளக்கும். ஒன்பதாம் நாள்தான் இறப்பர் விறகை அடுக்கி முழுச் சூடு போட்டார். அதற்குப் பிறகும் மூன்று நாள் சுட்ட பாண் கடைக்குப் போகவில்லை. பாதி எங்கள் வீட்டுக்கும் பாதி தோட்டத்து மாடுகளுக்கும் போனது. முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தார். நான் கேட்டேன், “அதான் சூடாயிருச்சே நானா, இன்னும் என்ன?”

“புதுப் போறணைக்கி ஒண்டும் தெரியா தம்பி. சூடாகத் தெரியும், சுடத் தெரியா.”

அந்த மூன்று நாளில் அவர் செய்தது இதுதான். தரை முழுக்க ஒரே அளவு உருண்டைகளை வரிசையாக வைத்துச் சுட்டு, எந்த இடத்து உருண்டை எந்த நிறத்தில் வருகிறதென்று பார்த்தார். எங்கே கருகுகிறதோ அந்த மூலைக்குக் கோவக்காரன் என்று பெயர் வைத்தார். எங்கே வெளிறிக் கிடக்கிறதோ அது சோம்பேறி. வாய்ப்பக்கம் ஒரு இடம் ஒரு நாள் ஒரு மாதிரி வரும், அதற்கு அரசியல்வாதி. பெயர் வைத்து முடித்த பிறகுதான் பாண் கடைக்குப் போனது. கோவக்காரனில் கிம்புலா பணிஸ் வைக்கக் கூடாது, மேலே தூவிய சீனி எரிந்துவிடும். அச்சுப் பாண் வைக்கலாம், தகரம் தாங்கும். ஐந்து வருடம் அந்தப் போறணையில் நின்றேன். இருட்டில் கையை விட்டாலும் எந்த மூலை என்று சொல்வேன்.

பிறகு கொழும்பில் ஒரு ஹோட்டல், அதற்குப் பிறகு கப்பல். அந்த இடைக்காலத்தை ஓடிக் கடந்துவிடுகிறேன். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். என்னைக் கப்பலுக்கு அனுப்பிய ஏஜெண்ட் அதற்காக வாங்கிய பணத்தை அடைக்க எனக்கு முதல் ஒப்பந்தத்தின் பாதிச் சம்பளம் போனது. அம்மாவின் சங்கிலி அடகில் கிடந்தது. கடலோடிகளிடம் வேலை பிடித்துத் தரக் காசு வாங்கக் கூடாது, கடவுச்சீட்டு, கடலோடிப் புத்தகம், மருத்துவச் சான்றிதழ் போன்ற செலவுகள்தான் ஊழியருடையவை என்று 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை சொல்கிறது. அது நடைமுறைக்கு வந்தது 2013 ஆகஸ்டில். இதையெல்லாம் நான் அறிந்தது பிந்தித்தான். இப்போது ஊரில் கப்பலுக்குப் போகவேண்டும் என்று வருகிற பிள்ளைகளிடம் பாண் சுடுவதைப் பற்றிப் பேசுமுன் இதைத்தான் சொல்கிறேன்.

முதல் இரண்டு ஒப்பந்தங்களும் பழைய கப்பல்களில். பழைய கப்பலில் போறணை முதல் கதவுப் பிடி வரை எல்லாவற்றுக்கும் ஒரு பழக்கம் இருக்கும். எந்தக் குளிரறைக் கதவை இடித்து மூடவேண்டும் என்பதை முன்னால் இருந்தவன் சொல்லிவிட்டுப் போவான். மூன்றாவது ஒப்பந்தத்துக்குத்தான் புதுக் கப்பல் என்று கடிதம் வந்தது. கூட இருந்தவர்கள் அதிர்ஷ்டக்காரன் என்றார்கள். நானாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். “போறணையும் புதுசா?” என்று கேட்டார். ஆம் என்றேன். “விறகு என்ன விறகு?” கப்பல் சமையலறையில் விறகும் இல்லை, காஸும் இல்லை, எல்லாம் மின்சாரம் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. “அப்ப நெருப்பப் பாக்காமச் சுடுறதா?”

ஒரு பெப்ரவரி மாதம் அம்ஸ்டர்டாமில் விமானம் இறங்கி அங்கிருந்து பஸ்ஸில் போனோம். பாப்பன்பர்க்கைப் பார்த்ததும் ஏமாற்றமாக இருந்தது. கடல் எங்கே? சுற்றிலும் பனி மூடிய புல்வெளி, செங்கல் வீடுகள், வீதிக்கு வீதி கால்வாய். கடல் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தள்ளி. இந்த ஊரில் 1795இலிருந்து மையர் குடும்பம் கப்பல் கட்டிவந்தது. மரக்கப்பலில் தொடங்கி இரும்புக்கு மாறி, இப்போது உலகத்தின் மிகப் பெரிய உல்லாசக் கப்பல்களில் சிலவற்றைக் கூரைக்கடியில் வைத்துக் கட்டுகிறார்கள். அந்தக் கட்டடங்களில் பெரியது அரை கிலோமீட்டர் நீளம், 75 மீட்டர் உயரம். அதற்குள் மழையும் இல்லை, பனியும் இல்லை. இரண்டு நூற்றாண்டுக்கு மேல் குடும்பத்தின் கையில் இருந்த கட்டுந்தளம் 2024இல் கடனில் தத்தளித்தபோது, ஜெர்மன் அரசும் நீடர்சாக்சன் மாநிலமும் ஏறக்குறைய 80 சதவீதத்தை வாங்கிக் காப்பாற்றின. அந்தச் செய்தியை அலவத்துகொடவில் இருந்து வாசித்தபோது, சொந்த ஊரில் பழைய முதலாளி ஒருவர் நொடித்துப்போனதைக் கேட்ட மாதிரி இருந்தது.

நாங்கள் போனபோது கப்பல் கூரையை விட்டு வெளியே வந்து தண்ணீரில் கட்டப்பட்டிருந்தது. ஏறும் பாலத்தின் அடியில் ஹெல்மெட்டும் இரும்பு மூக்கு வைத்த சப்பாத்தும் கொடுத்தார்கள். பேக்கரிக்காரனுக்கு ஹெல்மெட்! ஆனால் கையளிக்கும் நாள்வரை கப்பல் கட்டுந்தளத்துக்குச் சொந்தம். அங்கே நாங்கள் விருந்தாளிகள், அவர்களுடைய சட்டம்தான். ஏறுமுன் பாதுகாப்பு அதிகாரி எங்களை நிறுத்திவைத்து ஒரு விஷயம் சொன்னார். 2003 நவம்பர் 15ஆம் திகதி பிரான்சின் சென் நசேரில் ‘குயின் மேரி 2’ கட்டி முடியும் தறுவாயில் இருந்தது. வேலை செய்தவர்களும் அவர்களுடைய உறவினர்களும் கப்பலைச் சுற்றிப் பார்க்க வந்திருந்தார்கள். ஏறும் பாலம் இடிந்து 16 பேர் இறந்தார்கள். கப்பல் ஒரு பயணியைக்கூட ஏற்றியிருக்கவில்லை அப்போது. “புதுசு என்றால் பத்திரமானது என்று நினைக்காதீர்கள். புதுசு என்றால் இன்னும் யாரும் சோதித்துப் பார்க்காதது” என்றார். எனக்கு நானாவின் ஞாபகம் வந்தது. இரண்டு பேருக்கும் மொழி வேறு, சட்டை வேறு, அவ்வளவுதான்.

உள்ளே போனதும் மூக்கில் ஏறியது பசை வாசனை. தரையெல்லாம் அட்டை விரித்து நாடா ஒட்டியிருந்தார்கள். சுவரெல்லாம் பொலித்தீன். பயணிகள் நடக்கப்போகும் பெரிய கூடத்தில் சரவிளக்கு தொங்கியது உண்மை. சாக்குப்பை போட்டுக் கட்டிய பலாக்காய் மாதிரி மூட்டையாகத் தொங்கியது. கட்டுந்தளத்து ஆட்கள் எங்கும் நிறைந்திருந்தார்கள். ஒருவர் கதவைப் பொருத்த, பின்னாலேயே இன்னொருவர் அதைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு லிஃப்ட் ஆறாம் தளத்தை அமுக்கினால் நாலில் நின்றது. என் அறையில் மெத்தை பொலித்தீனோடு கிடந்தது; தண்ணீர்க் குழாயில் காற்றுதான் வந்தது. கடவுச்சீட்டைக் கொடுத்துவிட்டு அடையாள அட்டையும் உயிர்காப்பு அங்கியும் வாங்கிக்கொண்டேன். அவசர நேரத்தில் எனக்குரிய இடமும் வேலையும் எழுதிய சிறு அட்டை ஒன்றும் தந்தார்கள்.

ஊழியர் தளத்தில் முன்னிருந்து பின்வரை ஒரு நீளமான நடைபாதை உண்டு. அமெரிக்கப் பயணிகளுக்காக ஓடும் கப்பல்களில் அதற்கு ஐ-95 என்று பெயர். அமெரிக்காவின் கிழக்குக் கரையோரம் வடக்குத் தெற்காக ஓடும் நெடுஞ்சாலையின் பெயர் அது. சாமான் வண்டியும் சமையல்காரனும் நடனக்காரியும் கப்டனும் அதில்தான் போகவேண்டும். ஏ9 வீதியோரம் வளர்ந்தவனுக்கு அதைப் புரியவைக்க யாரும் தேவையில்லை. இடது பக்கம் போ, வண்டிக்கு வழி விடு, நடுவில் நின்று கதை பேசாதே. ஏ9இல் யாரும் கடைப்பிடிக்காத மூன்றும் ஐ-95இல் நடந்தன.

முதல் மணித்தியாலங்கள் வேலைக்கல்ல, பயிற்சிக்கு. இதைக் கேட்டால் ஊரில் சிரிக்கிறார்கள். பாண் சுடுகிறவன் முதலில் கற்றுக்கொள்வது படகில் ஆளேற்றுவதை. எந்தப் படிக்கட்டு, எந்தக் கதவு தானாக மூடும், மூடும்போது கையை எங்கே வைக்கக் கூடாது என்று நடத்தி நடத்திக் காட்டினார்கள். 2012 ஜனவரியில் ‘கோஸ்டா கொன்கோர்டியா’ பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, அன்று ஏறிய பயணிகள் பலருக்கு ஒத்திகையே நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு, கப்பல் புறப்படுமுன் அல்லது புறப்பட்டவுடனேயே ஒத்திகை நடக்கவேண்டும் என்று விதியை மாற்றினார்கள். பயிற்சி கொடுத்தவர் என் அட்டையைப் பார்த்து பேக்கரியா என்று கேட்டார். பிறகு டைட்டானிக்கின் தலைமைப் பேக்கரைப் பற்றிச் சொன்னார்.

அதுவும் புத்தம் புதுக் கப்பல்தானே. 1912 ஏப்ரல் 10ஆம் திகதி புறப்பட்டு 15ஆம் திகதி விடியுமுன் முழுகியது. தலைமைப் பேக்கரின் பெயர் சார்ல்ஸ் ஜொகின். கப்பல் அடிபட்டது தெரிந்ததும், படகுகளுக்கு உணவு வேண்டும் என்று தன் கீழிருந்த 13 பேரிடமும் ஆளுக்கு நாலு பாண் கொடுத்து மேல் தளத்துக்கு அனுப்பினார். பிறகு நடந்த விசாரணையில் அவரே சொன்ன விவரம் இது. அவர் பிழைத்தார். உறைகிற தண்ணீரில் எப்படிப் பிழைத்தார் என்பது பற்றி நூறு வருடமாகப் பேசுகிறார்கள். எனக்கு அந்த 52 பாண்தான் மனதில் நின்றது. நாலு நாள் ஓடிய போறணையில் சுட்ட பாண். அந்தப் போறணையின் கோவக்கார மூலை எது என்று ஜொகினுக்கு அப்போதுதான் பிடிபட்டிருக்கும்.

மத்தியானத்துக்குப் பிறகு பேக்கரிக்குள் விட்டார்கள். எல்லாம் துருப்பிடிக்காத எஃகு, எல்லாவற்றிலும் நீலப் படலம் ஒட்டியிருந்தது. அதை உரிப்பதிலேயே ஒரு மணி நேரம் போனது. மூலைகள் கூராக இல்லை, வளைத்திருந்தார்கள். கூரான மூலையில் அழுக்குத் தங்கும். அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பலை அந்நாட்டு சுகாதாரத் துறை பரிசோதித்து நூற்றுக்குப் புள்ளி போடும். 86 எடுத்தால் தேர்ச்சி, 85 என்றால் தோல்வி. அந்தப் புள்ளிக்குப் பயந்துதான் கப்பல் சமையலறையின் ஒவ்வொரு அங்குலமும் வரையப்படுகிறது. நானாவின் பேக்கரிக்கு அவர்கள் எத்தனை போடுவார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். கணக்கு எதிர்ப்பக்கம் போனது.

நாங்கள் நாலு பேர். கோவாக்காரர் ஒருவர் எங்களுக்குத் தலைவர், ஐம்பதைத் தாண்டியவர், நாலாவது புதுக் கப்பல் அவருக்கு. பிலிப்பீன்ஸ் பையன் ஒருவன். இந்தோனேசியாக்காரர் ஒருவர், பேசமாட்டார், கை பேசும். பிறகு நான். மிக்சர் சாம்பல் மாவைத் துப்பிக்கொண்டிருக்க, நாங்கள் பேச்சில் ஒரு சொல்லைக் கண்டுபிடித்தோம். நான் பாண் என்றேன். கோவாக்காரர் பாவ் என்றார். பிலிப்பீன்ஸ் பையன் அவன் ஊரில் விடியற்காலையில் விற்கும் உருண்டைக்குப் பாண்டெசால் என்று பெயர் சொன்னான். உப்புப் பாண் என்று அர்த்தம், ஸ்பானியச் சொல். எங்கள் இரண்டு பேருடையதும் போர்த்துக்கேயச் சொல். அது மட்டுமில்லை, நான் போறணை என்றதும் கோவாக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அவருடைய கொங்கணியில் அது ஃபொர்ன். அதே போர்த்துக்கேயன் இரண்டு கரையிலும் விட்டுப்போன சொல். ஐந்நூறு வருடத்துக்கு முன் கப்பலில் வந்திறங்கிய சொற்களைத் திருப்பிக் கப்பலில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம் என்று அவர் சிரித்தார்.

பிறகு போறணை. கல்தரை வைத்த தட்டடுக்குப் போறணைகள் மூன்று. சுழலும் ட்ரொலிப் போறணைகள் தனி. பெட்டியைப் பார்த்தால் செங்கல் இல்லை, களிமண் இல்லை, எண்கள் மின்னும் கண்ணாடிப் பலகை மட்டும். ஆனால் தரைக்கல்லுக்குள் ஈரம் இருக்கிறது. உள் சுவரில் துரு பிடிக்காமலிருக்கத் தடவிய எண்ணெய் இருக்கிறது. வெப்பம் வெளியேறாமல் அடைத்திருக்கும் பஞ்சில் பசை இருக்கிறது. எல்லாம் எரிந்து வெளியேறவேண்டும். 80 டிகிரியில் ஒரு மணி நேரம், 120இல் ஒரு மணி நேரம், பிறகு 180, கடைசியில் 250 என்று படிப்படியாக ஏற்றினோம். சிரட்டை, இரண்டு விறகு, நாலு விறகு. நானாவின் ஒன்பது நாளை மின்சாரம் ஒரு மாலைக்குள் சுருக்கியிருந்தது, ஒழுங்கு அதேதான்.

புகை வரும் என்று முன்கூட்டியே அறிவித்துத்தான் தொடங்கினோம். புகை உணரும் கருவிகளைப் பேக்கரிக்குள் நிறுத்திவைத்திருப்பதாகச் சொன்னார்கள். அது உண்மைதான். ஆனால் புகைக்குக் கதவு தெரியாது. காற்றிழுக்கும் விசிறிகளில் ஒன்று தலைகீழாகச் சுழன்றிருக்கிறது. புது மோட்டார், கம்பியை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். புகை மேலே போவதற்குப் பதிலாக நடைபாதைக்குள் போனது. ஐ-95இல் மணி அலறியது. தீத்தடுப்புக் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கொண்டன. காலையில் கற்றுக்கொடுத்த பாடம் மாலையில் பரீட்சையாக வந்துவிட்டது. தீயணைப்புக் குழு முகமூடியோடு வந்து பார்த்தபோது, நாலு பேர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வெறும் போறணையின் முன் நின்றோம். உள்ளே ஒரு பணிஸ்கூட இல்லை. கட்டுந்தளத்து மின்வேலையாள் ஒருவர் வந்து இரண்டு கம்பியை இடம் மாற்றினார், ஐந்து நிமிட வேலை. என்னைப் பார்த்து ஜெர்மனில் ஏதோ சொன்னார். கோவாக்காரர் மொழிபெயர்த்தார்: “இன்றைக்குக் கண்டுபிடித்தது நல்லது என்கிறார்.” அந்த மணிச் சத்தத்துக்காக எங்களை யாரும் ஏசவில்லை. பயணிகள் ஏறிய பிறகு அதே விசிறி அப்படிச் சுழன்றிருந்தால்?

இரவு ஒன்பது மணிக்குத்தான் உண்மையான முதல் மா. எங்கள் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. மா 25 டிகிரியில் வரவேண்டும் என்றால் 25ஐ மூன்றால் பெருக்கு. அதிலிருந்து அறையின் சூடு, மாவின் சூடு, மிக்சர் உரசி ஏற்றும் சூடு மூன்றையும் கழி. மிச்சம் வருவது தண்ணீரின் சூடு. அறைக்கும் மாவுக்கும் வெப்பமானி இருக்கிறது. மிக்சரின் உரசலுக்கு? புது மிக்சர் எவ்வளவு சூடேற்றும் என்று அதைச் செய்தவனுக்கும் தெரியாது. குத்துமதிப்பாகப் போட்டோம், மா 29இல் வந்து நின்றது. மாவும் புதுசு. ஜெர்மனியில் மாவுக்கு எண் போடுவார்கள்: 405, 550 என்று. நூறு கிராம் மாவை எரித்தால் எஞ்சும் சாம்பல் ஏறக்குறைய எத்தனை மில்லிகிராம் என்பதுதான் அந்த எண். எனக்குப் பழக்கமானது திருகோணமலை சீனன்குடா ஆலையின் மா. அது தண்ணீரைக் குடிக்கும் விதம் வேறு, 550 குடிக்கும் விதம் வேறு. தண்ணீரும் மக்கர் செய்தது. புதுக் கப்பலின் குழாய்களை நிறையக் குளோரின் விட்டுக் கழுவுகிறார்கள். கழுவிய பிறகு குடிதண்ணீரில் குளோரின் பத்து இலட்சத்தில் 0.2 பங்குக்குக் குறையவும் கூடாது, 5க்கு மேல் போகவும் கூடாது. அன்றைக்கு அது மேல் வரம்பை ஒட்டி நின்றிருக்கவேண்டும். ஈஸ்ட் முகம் சுளித்துக்கொண்டு எழும்பியது.

மூன்று போறணையிலும் தரை முழுக்க ஒரே அளவு உருண்டைகளை வரிசையாக வைத்தேன். கோவாக்காரர் ஏன் என்று கேட்கவில்லை. பையன்தான் கேட்டான், “இதில் எது பயணிகளுக்கு?” ஒன்றும் இல்லை என்றேன். முதலாவது போறணை ஒரே நிறத்தில் சுட்டது, படிப்பாளி. இரண்டாவது வாய்ப்பக்கம் வெளிறியது. கதவின் ரப்பர் சரியாக உட்காரவில்லை. மூன்றாவதைத் திறந்தபோது இடது பின்மூலையில் ஆறு உருண்டை நிலக்கரி மாதிரி கிடந்தது. பலகையில் எல்லாம் சரி, 220 என்று எண் மின்னிக்கொண்டிருந்தது. எண் நடுவில் இருக்கிற சூட்டைச் சொல்கிறது. மூலையில் நடப்பது அதற்குத் தெரியாது. எனக்கு ஊர் ஞாபகம் வந்து சிரிப்பும் வந்தது. “கோவக்காரன்” என்றேன். பையன் அந்தச் சொல்லை நாலு தரம் சொல்லிப் பார்த்தான்.

முதல் நாள் சுட்டதை வீசவேண்டும் என்பது விதி. பசையும் எண்ணெயும் எரிந்த போறணை, யாருக்கும் கொடுக்கக் கூடாது. வீசினோம். நான் மட்டும் நடுவிலிருந்த ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டேன். பெயின்ட் மணத்தது. ஆனால் பாண்தான்.

நாலு நாள் கழித்து ஆற்றில் புறப்பட்டோம். கீழே காண்டர்சும் என்ற இடத்தில் 2002இல் கட்டிய தடுப்பணையின் கதவுகளை மூடி ஆற்றை நிரப்புகிறார்கள். அப்போதுதான் இவ்வளவு பெரிய கப்பல் தரை தட்டாமல் போகும். போவதும் பின்பக்கமாக. பின்பக்கமாக இழுத்தால்தான் வளைவுகளில் கட்டுப்பாடு கிடைக்கிறதாம். வேனர் என்ற இடத்தில் ரயில் பாலத்தின் நடுத்துண்டைக் கிரேன் வைத்துத் தூக்கி வழி விட்டார்கள். இரவு வேலை முடித்து மேலே போய்ப் பார்த்தேன். இரண்டு பக்கமும் கரை கையெட்டும் தூரத்தில். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கடியில் மகாவலியில் ஒரு மாளிகையை இழுத்துக்கொண்டு போனால் எப்படி இருக்கும்? அணைக்கட்டு மேல் ஆயிரக்கணக்கில் சனம், குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு, பனிக்குள். நான் சட்டைப் பைக்குள் ஒரு சூடான பணிஸ் வைத்திருந்தேன். அன்றைய பணிஸ் பெயின்ட் மணக்கவில்லை.

அந்தக் கப்பலில் ஏழு மாதம் இருந்தேன். இறங்கும்போது எனக்குப் பதில் வருகிறவனுக்காக ஒரு கொப்பியில் மூன்று போறணையையும் கட்டம் போட்டு வரைந்து வைத்தேன். எந்தக் கட்டத்தில் எத்தனை நிமிடம், எதை எங்கே வைக்கக் கூடாது என்று ஆங்கிலத்தில். மூன்றாவது போறணையின் இடது பின்மூலைக்கு மட்டும் ஆங்கிலம் வரவில்லை. தமிழில் எழுதினேன்.

போன வருடம் தெரியாத எண்ணிலிருந்து ஒரு படம் வந்தது. அந்தக் கொப்பியின் பக்கம். எண்ணெய் ஊறி மஞ்சளாகியிருந்தது. அனுப்பியவன் நான் பார்த்தறியாத ஒரு பேக்கர், இப்போது அந்தக் கப்பலில் இருக்கிறான். கோவாக்காரர் ஓய்வு பெறுமுன் என் எண்ணைக் கொடுத்திருக்கிறார். இடது பின்மூலைக் கட்டத்தில் இருந்த எழுத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தான். அது ஓவன் செய்த கம்பனியின் பெயரா, உதிரிப்பாகம் அனுப்பச் சொல்லி எழுதலாமா என்று கேட்டிருந்தான்.